கடற்சொறியும் முருகைக்கல்லும்

யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலருகே நின்று அதன் கற்களை உற்றுநோக்கியோர், அவை மலைநாட்டுக் கருங்கல்லைப் போன்றன அல்ல என்பதைக் கண்டிருப்பர். சில கற்களில் தேன்கூட்டை ஒத்த நுண்ணிய அறைகள் தெரியும். சிலவற்றில் மூளையின் மடிப்பைப் போன்ற வளைகோடுகள் ஓடும். வேறு சிலவற்றில் உடுக்களைப் பொறித்தாற்போன்ற புள்ளிகள் இருக்கும். நெடுந்தீவுக்குச் சென்றால், சாந்து பூசாமல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய இத்தகைய கற்களே காணிகளுக்கு வேலியாக நிற்கக் காணலாம். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பார்த்துப் பழகிய குடாநாட்டாருக்கு அது ஒரு புதுமையே. முருகைக்கல் என்று நாம் சொல்வது இதனைத்தான். கல் என்று சொல்கிறோமேயன்றி, இது கல்லாகப் பிறந்ததன்று. கடலடியில் வாழ்ந்த எண்ணற்ற சிற்றுயிர்கள் தமக்கென்று கட்டிய வீடுகளின் எச்சம் இது.

அதே கடலில் இன்னோர் உயிரும் உண்டு. வலையோடு வலையாக ஒட்டி வரும். கையில் எடுத்தால் வழுக்கும். வெயிலிற் கிடந்தால் நீராய்க் கரைந்து, இருந்த இடந்தெரியாமற் போகும். உடம்பிற் பட்டால் தீச்சுட்டாற்போல எரிந்து தடிக்கும். கரையோர மக்கள் அதனைச் சொறி என்பர்; கடற்சொறி என்று அகராதி கூறும். பாடநூல்களோ இழுதுமீன் என்றும் ஜெலிமீன் என்றும் எழுதும். முள்ளந்தண்டும் செதிலும் பூவும் இல்லாத ஒன்றை மீன் என்பது எவ்வகையிற் பொருந்தும்?

நூற்றாண்டுகளாகக் கோட்டையைத் தாங்கி நிற்கும் கல்லும், ஒரு பகல் வெயிலைத் தாங்காத இந்த இழுதும் ஒரே குலத்திற் பிறந்தவை என்றால் எளிதில் நம்புவோர் இலர். தமிழ் கற்பிக்கும் நான் இதனை எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு மாணவன். பவளம் என்ற சொல் வந்த பாடமொன்றில், முருகைக்கல்லுக்கும் சொறிக்கும் உள்ள உறவை வகுப்பிற் கூறினேன். கடலோரக் கிராமத்திலிருந்து வருபவன், பெரும்பாலும் வாய் திறவாதவன், அன்று எழுந்து நின்றான். "சேர், சொறியை எனக்குத் தெரியும். அப்பாவின்ர கையில தழும்பு கிடக்குது. ஆனா அது படிக்கிற விசயம் எண்டு எனக்குத் தெரியாது" என்றான். அச்சொற்கள் என்னைப் பலநாள் விடவில்லை. படிக்கத் தக்கது எது, தகாதது எது என்று வகுத்தவர் யார்? அப்பிரிவினையால் கல்வி இழந்தது என்ன? உழைப்பவன் இழந்தது என்ன? இக்குலத்தின் வரலாற்றை நோக்கின் இவ்வினாக்களுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

உயிரியலார் இவ்வுயிர்களை நிடேரியா என்னும் கணத்துள் அடக்குவர். குளத்து நீரில் வாழும் ஐதரா, பாறையில் ஒட்டி மலர்போல விரியும் கடற்சாமந்தி, முருகைகள், பவளம், சொறிகள் எனப் 10,000 இற்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. உருவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் உடலின் அமைப்பு ஒன்றே. உட்புறம் ஒரு கலப்படை, வெளிப்புறம் ஒரு கலப்படை, இரண்டுக்கும் இடையே இழுது. உணவு புகுவதும் கழிவு வெளியேறுவதும் ஒரே வாயால். அவ்வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள். மூளை என்று ஒன்று இல்லை. நரம்புக்கலங்கள் வலைபோல உடலெங்கும் பரந்திருக்கும். இக்கிண்ணத்தை வாய் மேல்நோக்கத் தரையில் ஒட்டிவைத்தாற் போன்ற நிலை பொலிப்பு எனப்படும். முருகையும் கடற்சாமந்தியும் இந்நிலையின. அதனையே கவிழ்த்து நீரில் மிதக்கவிட்டாற் போன்ற நிலை மெடூசா; அதுவே சொறி. நாம் காணும் சொறிகளிற் பல, தம் இளமையில் பாறையில் ஒட்டிய சிறு பொலிப்புகளாக இருந்தவையே. அப்பொலிப்பு குறுக்கே தட்டுத்தட்டாகப் பிரிய, ஒவ்வொரு தட்டும் ஒரு சொறியாக நீந்திச் செல்லும். ஆகவே ஒட்டியிருப்பதும் மிதப்பதும் இரு வேறு சாதிகள் அல்ல. ஒரே வாழ்வின் இரு கட்டங்கள். முருகையும் கடற்சாமந்தியும் முதற் கட்டத்திலேயே நின்று இனம் பெருக்குகின்றன.

இக்கணத்துக்கே உரிய அடையாளம் அதன் கொட்டும் கலம். கலத்தினுள் ஒரு நுண்ணிய பை. பையினுள் சுருட்டி வைத்த நூல். இரையோ பகையோ தொட்ட கணத்தில் பை வெடித்து, நூல் வெளியே பாய்ந்து, தோலைத் துளைத்து நஞ்சைச் செலுத்தும். ஐதராவில் அளந்து பார்த்தபோது, அப்பாய்ச்சல் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் நிகழ்ந்தது. உயிருலகம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. மூளையில்லாத, எலும்பில்லாத இவ்வுயிர் கடலில் நிலைபெற்றதற்கு இப்படைக்கலமே துணை.

இனிப் பெயரைச் சற்று ஆராய்வோம். நிடேரியா என்பதன் வேர் கிரேக்க மொழியிற் காஞ்சொறிச் செடியைக் குறிக்கும் சொல். தொட்டால் அரிக்கும் செடியின் பெயரைக் கடலில் தொட்டால் எரிக்கும் உயிருக்குக் கிரேக்கர் இட்டனர். அரிஸ்டோட்டில் தம் நூலில் அப்பெயரை எடுத்தாண்டார். 19 ஆம் நூற்றாண்டின் அறிவியலார் அதனையே கணத்தின் பெயராக்கினர். தமிழிலோ நிலத்துச் செடி காஞ்சொறி. நீரின் உயிர் கடற்சொறி. ஏதென்சு நகரத்தை அறியாத நம் கடலோடிகளும் அதே ஒப்புமையைக் கண்டு அதே முறையிற் பெயரிட்டனர். உடலின் வடிவத்தையோ நிறத்தையோ விட்டு, கொட்டும் இயல்பையே அடையாளமாகக் கொண்ட அப்பெயர், வலையிழுத்த கைகள் இட்ட பெயர். வாழ்வின் தேவையிலிருந்து பிறந்த அறிவு அது. அதனை விட்டு நாம் இழுதுமீன் என்று பாடநூலில் எழுதி, மீனல்லாததை மீன் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம்.

எனினும் உழைப்பாளியின் அனுபவம் மட்டும் முழு அறிவாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொறியை அறிந்த அதே கடலோடி முருகையைக் கல் என்றே அறிந்தான். கல்லுக்கும் சொறிக்கும் உறவு காண்பதற்குக் கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தைக் கடந்து நோக்கும் முறை வேண்டியிருந்தது. அம்முறை உருவானதும் இலகுவாக அன்று.

உயிர்களை அவற்றின் அறிவு வகையால் ஆறாகப் பகுத்தது தொல்காப்பியத்து மரபியல். புல்லும் மரமும் ஓரறிவின. நத்தையும் சிப்பியும் ஈரறிவின. பண்டைத் தமிழரின் கூர்த்த நோக்குக்கு அது சான்று. ஆயினும் பவளத்தை நம் மொழி கொடி என்றே கண்டது. அல்லி கதையையும் பவளக்கொடி கதையையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாம் அணிந்த செம்பவளம் நம் கடலிற் பிறந்ததுமன்று. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறி வந்த பண்டம். முசிறித் துறையில் இறங்கிய பொருள்களில் ஒன்றாகப் பவளத்தை ஒரு பழைய கிரேக்கக் கடற்செலவு நூல் குறிக்கின்றது. உரோமர் இந்திய முத்தை மதிப்பது போல இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்று பிளினி எழுதினார். கிளையும் செம்மையுமாய்க் கைக்கு வந்த பண்டத்தைக் கண்டு கொடி என்று எண்ணியது இயல்பே. அதனைத் தோண்டியெடுத்த மேனாட்டாரும், நீருள் மென்மையாய் வளர்ந்து காற்றுப்பட்டதும் இறுகும் செடி என்றே நெடுங்காலம் நம்பினர்.

1706 ஆம் ஆண்டளவில் மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு, நீரில் இட்ட பவளத்தில் வெண்ணிற மலர்கள் விரிவதைக் கண்டு, செடி என்பதற்கு முடிந்த சான்று கிடைத்துவிட்டது என மகிழ்ந்தார். மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சோனெல் அம்மலர்களை மேலும் பொறுமையாக நோக்கினார். பவளம் எடுக்கும் மீனவரோடு சென்று, பவளத்தைக் கடல்நீரிலேயே வைத்துப் பார்த்தார். தொட்டால் மலர் சுருங்கியது, விட்டால் விரிந்தது. செடியின் மலர் இவ்வாறு செய்யாது. இவை சிறு விலங்குகள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1720களின் நடுப்பகுதியில் அம்முடிவு பாரிசு நகரத்து அறிவியற் கழகத்தை அடைந்தது. அங்கிருந்த பேரறிஞர் ரெயோமூர் அதனை ஏற்கவில்லை. இத்தகைய கருத்தைச் சொன்னவருக்கு இழுக்கு நேரக்கூடாதென்று, அவர் பெயரையே மறைத்து அக்கருத்தை எடுத்துக் கூறி மறுத்தார். கடலிற் கண்டவன் தோற்றான். நாற்காலியில் இருந்தவர் வென்றார்.

ஆனால் உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1740 இல் ஒல்லாந்தில் ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்த டிரெம்ப்ளே என்பவர், குட்டைநீரிற் கிடைத்த ஐதராவை இரண்டாக வெட்டினார். வெட்டிய இரு துண்டும் இரு முழு உயிர்களாயின. செடியைப்போல வெட்டினால் முளைத்தது. விலங்கைப்போல இரை பிடித்து உண்டது. செடிக்கும் விலங்குக்கும் இடையே அறிஞர் எழுப்பிய சுவர் ஆட்டங்கண்டது. பிரான்சியக் கடற்கரைக்கு நேரிற் சென்று பார்த்தோரும் பெய்சோனெல் கூற்றை உறுதிசெய்ய, 1742 இல் ரெயோமூர் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வகையில் அவரும் போற்றத்தக்கவரே. ஒரு வீட்டாசிரியரும் ஒரு நகர மருத்துவரும் தம் கண்ணை நம்பியதனால் உலகம் இவ்வுண்மையைப் பெற்றது. 1847 அளவில் லொய்க்கார்ட் என்னும் ஜேர்மானியர் இவற்றின் உடலமைப்பை ஆராய்ந்து, சொறியையும் முருகையையும் சேர்த்துச் சீலந்தரேற்றா என்ற கணத்தில் வைத்தார். பின்வந்தோர் அதிலிருந்து கொட்டாதனவற்றைப் பிரித்து நிடேரியாவைத் தனிக்கணமாக்கினர். மீனவன் சொறி என்று அழைத்ததன் பொருள் அன்றுதான் அறிவியலில் முழுமை பெற்றது.

இக்குலத்தின் வயதை நோக்கின் மனித வரலாறு கண்ணிமைப் பொழுதாகிவிடும். இங்கிலாந்தின் சார்ண்வுட் காட்டுப் பாறையிற் கிடைத்து 2022 இல் பெயரிடப்பட்ட உயிர்ச்சுவடு ஒன்று, ஏறத்தாழ 56 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நிடேரியா என்று ஆய்ந்தோர் கூறுகின்றனர். கண்ணும் காலும் பூண்ட விலங்குகள் கடலிற் பெருகுவதற்கு முன்பே இவை இருந்தன. 2007 இல் கடற்சாமந்தி ஒன்றின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, மனிதனுக்கும் அதற்கும் பொதுவான மரபணுக் குடும்பங்கள் எதிர்பார்த்ததிலும் மிகப் பல என்பது தெரியவந்தது. மேலோர் கீழோர் என்ற ஏணியில் உயிர்களை அடுக்குவோருக்கு இது ஒரு பாடம். கூர்ப்பு என்பது ஏணியன்று; ஒரே வேரிலிருந்து பலவாகக் கிளைத்த மரம்.

இன்று கற்பார் கட்டும் முருகைகள் அக்கிளையில் பிந்தி வந்தவை. 25 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னர் நேர்ந்த பேரழிவில் பழைய முருகைக் குலங்கள் அடியோடு மறைந்தன. ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய முருகைகள் தோன்றின. இவற்றின் வெற்றிக்குக் காரணம் ஒன்றிய வாழ்வு. பொலிப்பின் கலங்களுக்குள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு ஆக்கி முருகைக்கு ஊட்டுகின்றன. முருகை அவற்றுக்கு உறைவிடமும் தன் கழிவிலுள்ள உரமும் தருகின்றது. இக்கூட்டுறவின் வலிமையால் பொலிப்பு கடல்நீரிலிருந்து கல்சியம் காபனேற்றை எடுத்துத் தன் அடியிற் படியவிட்டு, அதன்மேல் இருந்து மேலும் கட்டிக்கொண்டே செல்கின்றது. ஒன்றின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கானவற்றின் உழைப்பு கப்பலை உடைக்கும் பாறையாகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் முருகையால் ஆனது என்று சொல்வோருண்டு. அது முழு உண்மையன்று. நம் காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் இந்நிலம் ஆழமற்ற கடலாய் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள், சிப்பிகள், சுண்ணாம்பு படிந்த அல்காக்கள், முருகைகள் எல்லாம் சேர்ந்து படிந்ததே இக்கல். ஆறில்லாத இக்குடாநாட்டில் மழைநீர் இக்கல்லின் வெடிப்புகளுள் இறங்கித் தங்குவதாலேயே நம் கிணறுகளில் நீர் ஊறுகின்றது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் கீரிமலைக் கேணியின் ஊற்றும் கல்லை நீர் கரைத்ததன் விளைவுகளே. நாம் குடிக்கும் ஒவ்வொரு மிடறும் பழங்கடலின் உயிர்கள் விட்டுச்சென்ற கல்லினூடாக வடிந்து வந்தது.

இக்கல்லை மனிதர் என்ன செய்தனர்? 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் இங்குக் கோட்டை கட்டினர். 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஐங்கோண வடிவில் அதனைப் புதிதாக எழுப்பினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. தளபதிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. கடலில் இறங்கிக் கல் பெயர்த்தவன், சூளையிற் சுண்ணாம்பு சுட்டவன், சுமந்து வந்தவள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்ற பெயரால் கூலியின்றி வேலை வாங்கும் முறை இக்குடாநாட்டில் நிலவியது என்பதை நினைவிற் கொண்டால், அம்மதிலின் உயரம் வேறொரு பொருளைத் தரும். கல்லைக் கட்டிய உயிரும் பெயரற்றது. கல்லால் மதில் கட்டிய மனிதனும் பெயரற்றவனானான்.

அறிவியலும் ஆட்சியின் நிழலிலேயே இங்கு வந்தது. சொறிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஏர்ண்ஸ்ட் ஹெக்கல் 1881 இல் இலங்கைக்கு வந்து, காலியின் முருகைத் தோட்டங்களைக் கண்டு வியந்து, வெலிகமவில் தங்கி ஆய்வு செய்தார். அவருக்குப் பொருள் சேகரித்துத் துணைநின்றவன் தாழ்த்தப்பட்ட ரொடிய சாதிச் சிறுவன். அவனைக் கிரேக்கக் கதைப்பாத்திரம் ஒன்றன் பெயரால் அவர் அழைத்தார். சொறியின் சமச்சீரை அவ்வளவு அழகாக வரைந்த அதே கை, மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கியும் எழுதியது. 1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மன், ஹோர்னெல் என்பவருடன் மன்னார்க் குடாவை ஆராய வந்தார். நோக்கம் முத்துக்குளிப்பின் வருவாய். ஆயினும் அவ்வறிக்கைத் தொகுதிகளில் இக்கடலின் சொறிகளும் முருகைகளும் பற்றிய ஆய்வுகளும் இடம்பெற்றன. 1906 இல் அரசு முத்துப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளில் முத்தும் போயிற்று, கம்பனியும் போயிற்று. ஆய்வு மட்டும் எஞ்சி இன்றும் பயன்படுகின்றது.

உலக அரங்கிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் முருகை மேல்நோக்கி வளர்ந்து வளையத்தீவு உண்டாகின்றது என்று 1842 இல் டார்வின் எழுதினார். 110 ஆண்டுகள் கழித்து, 1952 இல், பசிபிக் கடலின் எனிவெட்டொக் வளையத்தீவில் துளையிட்டபோது, 1,200 மீற்றருக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல்லின் அடியில் எரிமலைப் பாறை இருப்பது தெரிந்தது. டார்வின் கூற்று மெய்யாயிற்று. துளையிட்டது அணுகுண்டுச் சோதனைக்கு இடம் ஆயத்தஞ்செய்த அமெரிக்க அரசு. அதே ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள், அதே வளையத்தைச் சேர்ந்த ஒரு தீவு ஐதரசன் குண்டினால் இருந்த இடந்தெரியாமல் அழிந்தது. ஓர் உண்மையைக் காட்டிய கையே, அவ்வுண்மை பிறந்த நிலத்தை அழித்தது.

நம் நிலைமைக்கு வருவோம். 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. போரினால் 1990 இல் அது மூடப்பட்டது. பலருக்கு அது சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. அகழ்ந்தெடுத்த குழிகளும் எஞ்சியுள்ளன. மன்னார்க் குடாவின் தமிழகப் பக்கத்தில், சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்குமென முருகையை நெடுங்காலம் தோண்டினர். அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் கடலுள் அமிழ்ந்துவிட்டன. இலங்கையில் 1988 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகை அகழ்வதைத் தடைசெய்தது. ஆயினும் தென்கரையில் அகழ்வு ஒழியவில்லை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஹிக்கடுவைப் பகுதியை ஆராய்ந்தோர், முருகைக் கற்பார் சிதையாதிருந்த இடங்களில் அலை தணிந்ததையும், கல் அகழ்ந்த இடங்களுக்கு நேரே கரையிற் பேரழிவு நேர்ந்ததையும் கண்டனர். பாறை பெயர்த்தவனும் அவ்வலையில் இறந்தவனும் ஒரே வர்க்கத்தவர். சுண்ணாம்பை வாங்கி மாளிகை கட்டியவர் வேறு.

இன்று இதனினும் பெரிய இடர் சூழ்ந்துள்ளது. கடல்நீர் வழக்கத்திலும் ஒன்றிரண்டு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் சூடேறினால், முருகை தன்னுள் குடியிருக்கும் அல்காக்களை வெளியேற்றிவிடுகின்றது. நிறமிழந்து வெளிறி, சூடு தணியாவிடின் பட்டினியால் மாள்கின்றது. 1998 இன் வெளிறலில் இலங்கையின் தெற்கு, மேற்குக் கடல்களில் ஆழங்குறைந்த கற்பார்கள் பெரும்பாலும் அழிந்தன. 2016 இல் மீண்டும் வெளிறின. 2023 இல் தொடங்கிய உலகளாவிய வெளிறல் பதிவான நான்காவது என 2024 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. வளியில் காபனீரொட்சைட்டை நிறைத்தவர் யார்? தம் வாழ்நாளில் ஒரு மோட்டார் வண்டியையும் வைத்திராத கடற்றொழிலாளரா?

பாக்குநீரிணையிலோ இழுவைப்படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன. இலங்கை 2017 இல் அடியிழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது, இழுவை நிற்கவில்லை. இதனை இரு கரைத் தமிழரின் பகையாக்கிக் குளிர்காய்வோர் உளர். படகுக்கு முதலிட்டவன் ஒருவன். அதிற் கூலிக்கு ஏறிச் சிறைப்படுபவன் வேறொருவன். வடபகுதிச் சிறுதொழிலாளியின் வலை அறுபடுவதும் அக்கூலியாள் மறியலில் இருப்பதும் ஒரே இலாபவேட்கையின் இரு விளைவுகள். மீன் அருகிய கடல்களிற் சொறி பெருகுவதைப் பல நாட்டு ஆய்வாளர் கண்டுள்ளனர். அதன் இரைக்குப் போட்டியிடும் மீனும் அதனை உண்ணும் ஆமையும் குறைந்தால் அது பெருகுவதில் வியப்பில்லை. ஒரே குலத்தில், கட்டும் கிளை அழியக் கொட்டும் கிளை பெருகினால், அக்கடலிற் கைவைத்து உழைப்பவனே இரண்டின் துன்பத்தையும் சுமப்பான்.

நெடுந்தீவில் வளரும் கல் என்று மக்கள் காட்டும் ஒரு பாறை உண்டு. அது ஆண்டுதோறும் வளர்கிறது என்பர். படித்தவர் இதனைக் கேட்டு நகைப்பர். கரையேறிய கல் வளராது என்பது சரியே. ஆனால் முருகைக்கல் வளரும்; கடலுள், அதனைக் கட்டும் உயிர் வாழுமட்டும் வளரும். மக்கள் நம்பிக்கையுள் ஒரு பாதி உண்மை உறங்குகின்றது. அதனை நகைத்து ஒதுக்குவதும் கல்வியன்று. கைகூப்பி வணங்குவதும் கல்வியன்று. மீனவனின் சொல்லையும் பெய்சோனெலின் நோக்கையும் ஒன்றுசேர்ப்பதே கல்வி.

அந்த மாணவனிடம் பின்னர் ஒரு வேலை கொடுத்தேன். தன் தந்தையிடமும் அயலவரிடமும் கேட்டு, சொறியின் வகைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள், அவை வரும் மாதங்கள், காற்று, பட்டால் செய்யும் கைமருந்து ஆகியவற்றை எழுதி வரச் சொன்னேன். இரண்டு கிழமைகளில் ஒரு கொப்பி நிறைய எழுதி வந்தான். எழுத்துப்பிழைகள் பல இருந்தன. அவற்றைத் திருத்தினேன். எழுதிய விடயத்தில் நான் திருத்த எதுவும் இல்லை, கற்கவே இருந்தது. அக்கொப்பியை விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பாடத்தை அவர் அதிலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னார்.